அமெரிக்க அரசியல் சட்டம்: சனிக்கிழமை வகுப்பில் கேட்ட கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சின்ன அறை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவோம். பெரும்பாலும் பிள்ளைகளோடு வந்து இங்கேயே தங்கிவிட்ட பெற்றோர்கள். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள், நான் சொல்லிக்கொடுக்கிறேன். அது வாய்மொழித் தேர்வு. 55 வயது நிரம்பி, கிரீன் கார்டோடு 15 ஆண்டு இங்கே வாழ்ந்தவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம்.

கேள்வி பதிலை அரசே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம். ஆனால் எங்கள் அறையில் யாரும் அதோடு விடுவதில்லை. "அது சரி, ஏன் அப்படி வைத்தார்கள்?" என்று கேட்பார்கள். அந்த ஏன்களையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தச் சட்டத்தை எப்போது, யார் எழுதினார்கள்?

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, பிலடெல்பியா நகரில். 12 மாநிலங்களிலிருந்து 55 பேர் வந்தார்கள். ரோட் ஐலண்டு மட்டும் ஆளே அனுப்பவில்லை. தலைமை ஜார்ஜ் வாஷிங்டன். பேசுவது வெளியே கசியக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அந்தக் கோடை முழுக்க வாதாடினார்கள். கடைசி நாளில் கையெழுத்துப் போட்டவர்கள் 39 பேர். நான்கு பெரிய தோல்தாள்களில் அதை அழகாக எழுதிக்கொடுத்தவர் பென்சில்வேனியா சட்டமன்ற எழுத்தர் ஜேக்கப் ஷாலஸ். அவருக்குக் கொடுத்த கூலி 30 டாலர்.

ஏன் கூடினார்கள் என்பதுதான் முக்கியம். அதற்கு முன்பே 1781-லிருந்து ஒரு கூட்டமைப்பு ஒப்பந்தம் நடப்பில் இருந்தது. அதில் மத்திய அரசுக்கு வரி போட அதிகாரமே கிடையாது. செலவுக்கு மாநிலங்களிடம் கையேந்த வேண்டும், அவை கொடுத்தால் உண்டு. ஒப்பந்தத்தை மாற்ற வேண்டுமானால் 13 மாநிலமும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1786-ல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் கடனில் மூழ்கி, நிலம் ஜப்திக்குப் போவதைத் தடுக்க நீதிமன்றங்களை முற்றுகையிட்டார்கள். முன்னின்றவர் டேனியல் ஷேஸ், விடுதலைப் போரில் சண்டையிட்டவர். அதை அடக்கப் படை திரட்ட மத்திய அரசிடம் பணம் இல்லை.

ஆக, பிலடெல்பியாவுக்கு வந்தவர்கள் இரண்டு பயங்களோடு வந்தார்கள். பிரிட்டிஷ் அரசரிடம் பட்ட பாடு ஒன்று, அரசே இல்லாததுபோல் ஆகிப் பட்ட பாடு இன்னொன்று. அதனால்தான் ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே, இவர் தவறினால் யார் தடுப்பது என்றும் கேட்டு எழுதினார்கள். கீழே வரும் சொற்கள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்கள். அப்படி வைத்துக்கொண்டால் மறக்காது.

"அரசியல் சட்டத்தின் முதல் மூன்று சொற்கள் என்ன?" என்று கேட்கிறார்களே, தமிழில் இரண்டுதானே வருகிறது?

இதைக் கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. "மக்களாகிய நாங்கள்" என்று எழுதி, விரல்விட்டு எண்ணிக் காட்டினார். நியாயம்தான். தேர்வில் "வீ த பீப்பிள்" என்றே சொல்லிவிடுங்கள், பிறகு பொருளைத் தமிழில் சொல்லலாம்.

அந்தச் சொற்கள் மூலப் பிரதியில் மற்ற எழுத்துகளைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். முதல் வரைவில் அவற்றுக்குப் பின்னால் நியூ ஹாம்ப்ஷயர், மாசசூசெட்ஸ் என்று மாநிலங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆனால் 13-ல் 9 மாநிலம் ஒப்புதல் கொடுத்தால் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று வைத்திருந்தார்கள். எந்த ஒன்பது என்று யாருக்குத் தெரியும்? பெயர்களை எடுத்துவிட்டு "ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்" என்று மாற்றினார்கள். ஒரு நடைமுறைச் சிக்கலுக்காகச் செய்த மாற்றம், கடைசியில் பெரிய கோட்பாடாக நின்றுவிட்டது. இந்தச் சட்டத்தைக் கொடுத்தது அரசரும் இல்லை, மாநில அரசுகளும் இல்லை, மக்கள். இதைத்தான் மக்கள் இறையாண்மை என்கிறோம். (டெலவேர் முதலில் ஒப்புதல் கொடுத்தது, 1787 டிசம்பர் 7. ரோட் ஐலண்டு 1790 மே வரை இழுத்தது.)

காங்கிரஸ் என்றால் கட்சியா?

இல்லை, இங்கே அது நாடாளுமன்றம். நம் காதுக்குப் பழகிய பல சொற்கள் இங்கே வேறு பொருளில் வருகின்றன. கவர்னர் என்றால் மேலிருந்து நியமிக்கப்பட்டவர் இல்லை, மாநில மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். நம் ஊர் முதலமைச்சரைப்போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமைச்சரைச் செக்ரட்டரி என்பார்கள். வெளியுறவு அமைச்சர் இங்கே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட். அவர் காங்கிரஸ் உறுப்பினராகவே இருக்கக் கூடாது, உறுப்பினராக இருந்தால் ராஜினாமா செய்துவிட்டுத்தான் வர வேண்டும். எம்.பி.யாக இருந்தால்தான் மந்திரி என்று பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும்.

காங்கிரசில் இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், இரண்டாண்டுப் பதவி. செனட்டில் 100 பேர், ஆறாண்டு. கட்சி என்ற சொல் அரசியல் சட்டத்தில் எங்குமே கிடையாது.

அதிகாரப் பிரிவினை, தடையும் சமநிலையும், இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. முதலாவது வேலையைப் பிரித்துக் கொடுப்பது: காங்கிரஸ் சட்டம் இயற்றும், அதிபர் நிறைவேற்றுவார், நீதிமன்றம் வழக்கைத் தீர்க்கும். இரண்டாவது, ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்க வேண்டுமென்றே இடம் விடுவது.

வகுப்பில் ஓர் ஐயா நல்ல உவமை சொன்னார். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டு இருக்கும், சாவிகள் இரண்டு பேரிடம் இருக்கும், இருவரும் வந்தால்தான் திறக்க முடியும். அவ்வளவுதான் விஷயம். இரண்டு சபையும் நிறைவேற்றிய மசோதா அதிபரிடம் போகிறது. கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினால் அது வீட்டோ. அதையும் மீற வேண்டுமா, இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நீதிபதியை அதிபர் நியமிக்கிறார், ஆனால் செனட் ஒப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் அதிபர் கையெழுத்திடலாம், ஆனால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான சாவி பணம்தான். காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்காமல் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. இதனால்தான் அவ்வப்போது அரசு முடங்குகிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. விமான நிலையத்தில் பையைச் சோதிக்கும் ஊழியர்கள் அந்த நாட்களில் சம்பளம் வராமலே வேலைக்கு வந்தார்கள்.

ஒரு தடை மட்டும் தளர்ந்துபோய்விட்டது என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். அதிபர் படைகளின் தலைமைத் தளபதி, ஆனால் போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கு. காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது 1942-ல். கொரியா, வியட்நாம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சட்டத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறது என்பதாலேயே அது நடந்துவிடாது.

அதிபர் ஆணை போட்டால் அது சட்டம்தானே?

நிர்வாக ஆணை என்பது அதிபர் தனக்குக் கீழே உள்ள நிர்வாகத்துக்கு இடும் உத்தரவு. அதற்கு ஒரு வேர் வேண்டும். அரசியல் சட்டத்திலோ, காங்கிரஸ் இயற்றிய சட்டத்திலோ அந்த அதிகாரம் இருக்க வேண்டும்.

1952 ஏப்ரலில் கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்துக்குத் தயாரானார்கள். எஃகு இல்லாவிட்டால் போர்முனைக்கு ஆயுதம் போகாது என்று சொல்லி அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசே எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: காங்கிரஸ் தராத அதிகாரம் இது, செல்லாது. போர்க்காலம், எதிரே நிற்பது படைகளின் தளபதி. ஆனாலும் அவர் பணிந்தார், ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால் "யாரும் சட்டத்துக்கு மேலே இல்லை" என்பது விடை. எனக்கு அந்த வரியைவிட இந்த வழக்குதான் நினைவில் நிற்கிறது.

சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு செனட்டரா?

ஆமாம். கலிபோர்னியாவில் ஏறக்குறைய 4 கோடிப் பேர், வயோமிங்கில் 6 லட்சம்கூட இல்லை. இரண்டுக்கும் இரண்டிரண்டு பேர். 1787-ல் கூட்டமே உடைகிற நிலை வந்தபோது செய்த சமரசம் இது: ஒரு சபையில் மக்கள் தொகைப்படி, இன்னொன்றில் மாநிலத்துக்குச் சரிசமமாக. முதலில் செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள்தான் தேர்ந்தெடுத்தன. 1913-ல் 17-வது திருத்தம் வந்த பிறகு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள்.

செய்திகளில் வரும் ஃபிலிபஸ்டர் (பேசியே மசோதாவை இழுத்தடிப்பது), அதை நிறுத்த 60 ஓட்டு என்பதெல்லாம் செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட விதி. அரசியல் சட்டத்தில் தேடாதீர்கள்.

அதிபர் மாநில அரசைக் கலைக்க முடியுமா?

முடியாது. 1976-லும் 1991-லும் சென்னையில் ஆட்சி கலைக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் வகுப்பில் இருப்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். இங்கே அப்படி ஒரு பிரிவே இல்லை.

கூட்டாட்சி என்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மத்திய அரசுக்கு என்னென்ன அதிகாரம் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது: நாணயம் அச்சிடுவது, போர், அஞ்சல், வெளிநாட்டு வணிகம், மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகம். மாநிலங்களுக்குத் தடை செய்யாமலும், மத்திய அரசுக்குக் கொடுக்காமலும் மிஞ்சியதெல்லாம் மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு என்று 10-வது திருத்தம் சொல்கிறது. அதனால்தான் ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம், பெரும்பாலான குற்றவியல் சட்டம் எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன. ஒரு மாநிலத்தில் மரண தண்டனை உண்டு, பக்கத்து மாநிலத்தில் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியல் சட்டமும் தனி உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன.

இரண்டும் மோதினால்? சரியான அதிகாரத்தோடு இயற்றிய மத்தியச் சட்டமே மேலானது. 1818-ல் மேரிலாந்து மாநிலம் மத்திய அரசு தொடங்கிய வங்கிக்கு வரி போட்டது. வங்கி தொடங்கலாம் என்று அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டது. பட்டியலில் உள்ள வேலையைச் செய்யத் தேவையான வழியும் அதில் அடக்கம், மாநிலம் அதற்கு வரி போட முடியாது என்று 1819-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த "தேவையான" என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை.

காங்கிரஸ் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம் என எங்கே எழுதியிருக்கிறது?

நேராக எங்கும் எழுதவில்லை. இதை நீதிப் புனராய்வு என்பார்கள், பிறந்த கதை சுவாரசியமானது.

1801 மார்ச். தேர்தலில் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ் பதவியை விட்டுப் போகும் முன் தன் ஆட்களை அவசர அவசரமாக நீதிபதிகளாக நியமித்தார். நியமனத் தாள்களில் கையெழுத்தும் ஆயிற்று, முத்திரையும் ஆயிற்று. சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் நேரமில்லை. அப்படி விட்டுப்போன தாள்களில் ஒன்று வில்லியம் மார்பரியுடையது. புதிதாக வந்த ஜெபர்சன் அரசு கொடுக்க மறுத்தது. வெளியுறவு அமைச்சர் மேடிசன் மீது மார்பரி உச்ச நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போட்டார். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல். ஆடம்ஸ் ஆட்சியில் அந்தத் தாள்களைக் கொடுத்திருக்க வேண்டிய வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? அதே மார்ஷல்தான். இன்று அப்படி ஒருவர் அந்த வழக்கை விசாரித்தால் ஊரே கொந்தளிக்கும்.

"கொடு" என்று உத்தரவிட்டால் ஜெபர்சன் மதிக்க மாட்டார், நீதிமன்றத்தின் மானம் போகும். "கொடுக்க வேண்டாம்" என்றால் பயந்துவிட்டது என்பார்கள். 1803-ல் மார்ஷல் சொன்னது: மார்பரிக்கு உரிமை இருக்கிறது, அரசு செய்தது தவறு. ஆனால் இப்படிப்பட்ட வழக்கை நேரடியாக எங்களிடம் கொண்டுவரலாம் என்று 1789-ல் காங்கிரஸ் போட்ட சட்டப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது, ஆகவே செல்லாது. ஒரு சின்ன அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளி, அதைவிடப் பல மடங்கு பெரிய அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார்! மார்பரிக்கு அந்த வேலை கடைசிவரை கிடைக்கவில்லை.

உச்ச நீதிமன்றத்தில் ஏன் ஒன்பது பேர்?

1869 முதல் ஒரு சாதாரணச் சட்டத்தால் வந்த எண்ணிக்கை அது. அரசியல் சட்டத்தில் எண் கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது.

இம்பீச்மென்ட் ஆனால் பதவி போய்விடுமா?

போகாது. இது பலரும் குழம்பும் இடம். இம்பீச்மென்ட் என்பது குற்றப்பத்திரிகை மாதிரி. பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் அதைச் செய்யும். விசாரணை செனட்டில். அங்கே மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் பதவி போகும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868-ல் ஒரே ஓட்டில் தப்பினார். கிளிண்டன் மீது 1998-ல், டிரம்ப் மீது 2019-லும் 2021-லும் நடந்தது. மூவருமே செனட்டில் தண்டிக்கப்படவில்லை. இதுவரை எந்த அதிபரும் இந்த வழியில் நீக்கப்படவில்லை. நிக்சன் 1974 ஆகஸ்டில், பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு வரும் முன்பே, தானாக ராஜினாமா செய்தார்.

அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்க முடியும்?

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எலக்டோரல் காலேஜ் என்ற தேர்வாளர் குழு இருக்கிறது, மொத்தம் 538 ஓட்டு, ஜெயிக்க 270 வேண்டும். பிரதிநிதிகள், செனட்டர்கள் எத்தனை பேரோ அத்தனை ஓட்டு ஒரு மாநிலத்துக்கு. தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் முந்தியவருக்கே அத்தனையும்.

2000-ல் அல் கோர் நாடு முழுக்க 5 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு கூடுதலாக வாங்கினார். புளோரிடாவில் 537 ஓட்டில் பின்தங்கியதால் புஷ் அதிபரானார். 2016-ல் ஹிலாரி கிளிண்டனுக்கு 28 லட்சம் ஓட்டுக்கு மேல் கூடுதல், அதிபரானவர் டிரம்ப். ஒரு மனிதருக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்று நம்புகிற எனக்கு இந்த ஏற்பாடு ஒப்பவில்லை. மாற்ற வேண்டுமானால் இதனால் பலன் பெறும் சின்ன மாநிலங்களும் கை தூக்க வேண்டும். அதுதான் முடிச்சு.

உரிமைகளை ஏன் தனியாகத் திருத்தங்களில் வைத்தார்கள்?

முதலில் எழுதியபோது உரிமைப் பட்டியல் இல்லை. இது இல்லாமல் எப்படி ஒப்புவது என்று பல மாநிலங்களில் எதிர்ப்பு வந்தது. பிறகு சேர்க்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்குறுதிப்படி சேர்த்த முதல் பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தன. எழுதியிருக்கிற தோரணையைக் கவனியுங்கள். "மக்களுக்குப் பேச்சுரிமை வழங்கப்படுகிறது" என்று இல்லை. "பேச்சுரிமையைக் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது" என்று இருக்கிறது. உரிமை ஏற்கெனவே நம்முடையது, அரசின் கைதான் கட்டப்படுகிறது. இதற்குப் பெயர் வரம்புக்குட்பட்ட அரசு.

1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் மேரி பெத் டிங்கர் என்ற 13 வயதுச் சிறுமி, வியட்நாம் போரில் செத்தவர்களுக்குத் துக்கம் காட்டக் கையில் ஒரு கறுப்புத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பள்ளி அவளை இடைநீக்கம் செய்தது. 1969-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவள் பக்கம் நின்றது. பள்ளி வாசலில் மாணவர்களின் பேச்சுரிமை உதிர்ந்துவிடுவதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் துணி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதுவும் பேச்சுதான்.

"உரிய சட்ட நடைமுறை" என்றால் என்ன?

உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ எடுக்க வேண்டுமானால் அரசு நியாயமான வழியில்தான் எடுக்க வேண்டும். 5-வது திருத்தம் மத்திய அரசுக்கும், 14-வது திருத்தம் மாநிலங்களுக்கும் இதைச் சொல்கிறது. ஆட்கொணர்வு மனுவும் இதன் உறவுதான்.

கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் கதையை எல்லா வகுப்பிலும் சொல்வேன். புளோரிடாவில் 1961-ல் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருடினார் என்று அவரைப் பிடித்தார்கள். வக்கீல் வைக்கக் காசில்லை. எனக்கு ஒருவரை ஏற்பாடு செய்து கொடுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கில் மட்டும்தான் தர முடியும் என்று பதில் வந்தது. தானே வாதாடினார், தோற்றார், ஐந்தாண்டு சிறை. சிறையில் கொடுத்த கோடு போட்ட தாளில், பென்சிலால், உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். 1963 மார்ச்சில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: கடுங்குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசே ஒருவரைத் தர வேண்டும். ஆகஸ்டில் மறுவிசாரணை நடந்தது. இந்த முறை பக்கத்தில் வக்கீல் இருந்தார். ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. நம் அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது அதன் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா வந்து நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரைச் சந்தித்தார். "உரிய சட்ட நடைமுறை" என்ற சொற்றொடர் நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் கொடுக்கிறது என்று பிராங்பர்ட்டர் சொல்ல, 21-வது பிரிவில் "சட்டம் வகுத்த நடைமுறை" என்று மாறியது. அதன் விலை சீக்கிரமே தெரிந்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஏ.கே.கோபாலன் சென்னை மாநில அரசை எதிர்த்துப் போட்ட வழக்கில், சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமா என்று பார்க்க மாட்டோம் என்கிற நிலையை 1950-ல் நம் உச்ச நீதிமன்றம் எடுத்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று திரும்பியது. ஒரு சொல்லுக்காக 28 ஆண்டு.

"எல்லாரும் சமம்" என்றவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களே?

வைத்திருந்தார்கள். இதை மழுப்பக் கூடாது. 1787-ன் மூலத்தில் அடிமை என்ற சொல்லே வராது, கூச்சப்பட்டு "மற்ற நபர்கள்" என்று எழுதினார்கள். ஆனால் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அந்த மனிதர்களுக்கு ஓட்டில்லை, ஆனால் அவர்களின் தலையெண்ணிக்கை எஜமானர்களின் மாநிலத்துக்குப் பலம் சேர்த்தது. அடிமை வணிகத்தை 1808 வரை தடுக்கவும் முடியாது. 1857-ல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் குடிமக்களே ஆக முடியாது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. மார்பரி வழக்கில் கைக்கு வந்த அந்தப் பெரிய அதிகாரத்தை ஒரு மத்தியச் சட்டத்தின் மேல் இரண்டாவது முறையாகப் பயன்படுத்தியது இதற்குத்தான்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு மூன்று திருத்தங்கள் வந்தன. 13-வது (1865) அடிமை முறையை ஒழித்தது. 14-வது (1868) குடியுரிமையும் சமப் பாதுகாப்பும் தந்தது. 15-வது (1870) நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்றது. எழுதியாகிவிட்டது. ஆனால் தெற்கில் பல இடங்களில் உண்மையாக ஓட்டுப் போட 1965-ன் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு 1920-ல், 19-வது திருத்தத்தில்.

இந்தியர்கள் எப்போதிலிருந்து குடிமக்கள் ஆக முடிந்தது?

1946. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்டு வழக்காடினார். அன்றைய சட்டப்படி வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தவருக்கும் மட்டுமே குடியுரிமை கிடைக்கும். 1923-ல் உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையர் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்கு முன் வாங்கியிருந்த பலரிடமிருந்தும் பறித்தார்கள். 1946-ல் சட்டம் மாறியது, இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம் என்ற அளவோடு.

இங்கே பிறந்த குழந்தைகள் விஷயம் வேறு. அது 14-வது திருத்தத்தில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் வெளிநாடு போய்த் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே நிறுத்தினார்கள். 1898-ல் அவர் ஜெயித்தார். 2025 ஜனவரியில் வந்த நிர்வாக ஆணை இந்த உரிமையைச் சுருக்கப் பார்த்து நீதிமன்றங்களுக்குப் போனபோது, எல்லாரும் திரும்பத் திரும்பப் பேசியது இந்த வழக்கைத்தான்.

அரசியல் சட்டத்தைத் திருத்துவது அவ்வளவு கடினமா?

இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு, அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள், அதாவது 50-ல் 38. இதுவரை 27 திருத்தங்கள்தான். அதில் 18-வது மதுவிலக்கு (1919), 21-வது அந்த மதுவிலக்கை எடுத்தது (1933).

27-வதின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது அமலாக வேண்டும் என்பது 1789-ல் மேடிசன் முன்வைத்த திருத்தம். போதிய மாநிலங்கள் ஒப்பாமல் கிடப்பில் போனது. 1982-ல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதற்குக் காலக்கெடு ஏதும் இல்லை, இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது "சி" மதிப்பெண். மனுஷன் விடவில்லை. மாநிலம் மாநிலமாகச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார், பத்து ஆண்டு. 1992-ல் திருத்தம் நிறைவேறியது. 2017-ல் பல்கலைக்கழகம் அவருடைய மதிப்பெண்ணை "ஏ" என்று மாற்றியது.

தேர்வு முடிந்ததும் எடுக்கும் உறுதிமொழி யாருக்கு? அதிபருக்கா?

இல்லை, அரசியல் சட்டத்துக்கு. அதைக் காப்பேன் என்றுதான் சொல்கிறீர்கள். அதிபர் பதவியேற்கும்போது சொல்லும் 35 சொற்களிலும் அதேதான் இருக்கிறது.